உடம்பெல்லாம் வலிப்பவரை யார் பார்ப்பது?

அரசு மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு எழுதும் இடத்தில் முதலில் கேட்கப்படுவது, "என்ன பண்ணுது?" என்பதுதான். முழங்கால் என்றால் எலும்புப் பிரிவு. கை மரத்துப்போகிறது என்றால் நரம்பியல். கழுத்திலிருந்து குதிகால் வரை வலிக்கிறது என்று சொல்பவரை எந்த அறைக்கு அனுப்புவது? அவர் வாரம் ஓர் உறுப்பைக் கொண்டுபோய்க் காட்டுகிறார். ஒரு மருத்துவர் மூட்டுத் தேய்மானம் என்கிறார்; அடுத்தவர் கழுத்தெலும்புத் தேய்மானம் என்கிறார்; மூன்றாமவர் எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடுகிறார். மூன்று சீட்டிலும் வலி மாத்திரை மட்டும் வெவ்வேறு பெயரில் இருக்கிறது. வீட்டிலோ, "தினமும் ஒரு இடம் சொல்றியே" என்கிற அலுப்பு.

பல இடங்களில் ஒரே சமயத்தில், மாதக்கணக்கில் நீடிக்கும் தசை, எலும்பு, மூட்டு வலியைப் பல சின்ன நோய்களின் கூட்டலாகவே இன்னும் பார்க்கிறோம். அதற்கென்று தனிப் போக்கும், தனிக் காரணங்களும், தனிச் சிகிச்சையும் உண்டு. இந்த உண்மையை மருத்துவமனையும் தொழிலாளர் சட்டமும் குடும்பமும் ஏற்காதவரை, வலிப்பவர் அறைக்கு அறை அலைந்துகொண்டுதான் இருப்பார்.

எத்தனை இடம் என்பதே முக்கியம்

உலகில் ஏறத்தாழ 171 கோடிப் பேர் தசை, எலும்பு, மூட்டு சார்ந்த பாதிப்புகளோடு வாழ்வதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கீழ்முதுகு வலியோடு இருந்தவர்கள் மட்டும் 2020-இல் 61.9 கோடிப் பேர். இந்தப் புள்ளிவிவரங்கள் பெரும்பாலும் உறுப்புவாரியாகத் தொகுக்கப்படுபவை: முதுகுக்கு ஒரு கணக்கு, கழுத்துக்கு ஒன்று, மூட்டுத் தேய்மானத்துக்கு ஒன்று. ஒரே பெண்ணின் கழுத்தும் முதுகும் முழங்காலும் மூன்று அட்டவணைகளில் பிரிந்துபோகின்றன. மூன்றும் ஒருவரிடமே இருக்கின்றன என்ற செய்தி எதிலும் தெரிவதில்லை.

அந்தச் செய்திதான் முக்கியமானது. நார்டிக் நாடுகளின் ஆய்வாளர்கள் 1987-இல் ஓர் எளிய வினாப்படிவத்தை வெளியிட்டார்கள். ஒரு மனித உருவப்படம். அதில் கழுத்து, தோள், முழங்கை, கை, மேல்முதுகு, கீழ்முதுகு, இடுப்பு, முழங்கால், பாதம் என்று 9 பகுதிகள். கடந்த 12 மாதங்களில் எங்கெல்லாம் தொந்தரவு, கடந்த 7 நாட்களில் எங்கெல்லாம் என்று குறித்தால் போதும். நார்வேயின் உல்லன்சாகர் பகுதி மக்களிடம் 1990-இல் இவ்வகைக் கேள்விகளைக் கேட்ட ஆய்வாளர்கள், 2004-இல் மீண்டும் கேட்டார்கள். ஒரே இடத்தில் மட்டும் வலி உள்ளவர்கள் குறைவு. பலருக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வலி இருந்தது. இடங்களின் எண்ணிக்கை கூடக்கூட அன்றாடச் செயல்திறன் குறைந்தது. 14 ஆண்டுகளில் வேலையை விட்டு இயலாமை ஓய்வூதியத்துக்குப் போகும் வாய்ப்பும் அதே கணக்கில் உயர்ந்தது. அதாவது, எந்த இடம் வலிக்கிறது என்பதோடு எத்தனை இடம் வலிக்கிறது என்பதும் ஒருவரின் எதிர்காலத்தைச் சொல்கிறது.

இது பணக்கார நாட்டுக் கதை என்று ஒதுக்கவும் முடியாது. இலங்கை, பாகிஸ்தான் உட்பட 18 நாடுகளில், 47 தொழிற்பிரிவுகளைச் சேர்ந்த 12,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களிடம் நடந்த ஆய்வு இன்னொன்றைக் காட்டியது. ஒவ்வோர் இடத்து வலியும் தனித்தனியே வருவதாக இருந்தால், 6 அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் வலிப்பவர்கள் மிகச் சிலரே இருக்க வேண்டும். உண்மையில் அப்படிப்பட்டவர்கள் அதைவிடப் பல மடங்கு இருந்தார்கள். வலிகளுக்கு இடையில் ஒரு தொடர்பு இருக்கிறது என்பதுதான் இதன் பொருள்.

வலி பரவும் விதம்

அந்தத் தொடர்பு நரம்பு மண்டலத்தில் இருக்கிறது. காயத்துக்குப் பிறகு தண்டுவட நரம்பணுக்கள் கூர்மையடைந்த நிலையிலேயே இருக்கக்கூடும் என்பதற்கான சான்றை நரம்பியல் ஆய்வாளர் கிளிஃபோர்டு வுல்ஃப் 1983-இல் வெளியிட்டார். திருடனைக் கண்டு குரைக்கப் பழகிய நாய், பிறகு சருகு அசைந்தாலும் குரைக்கத் தொடங்குவதைப் போன்றது இது. முதலில் முதுகிலிருந்து வந்த எச்சரிக்கைக்கு விழித்துக்கொண்ட நரம்பு மண்டலம், பின்னர் சாதாரண அழுத்தத்தையும் அசைவையும் குளிரையும்கூட வலியாக வாசிக்கிறது. தோள் வலிக்கிறது, அப்புறம் முழங்கை, அப்புறம் கால்.

தூக்கம் கெடும்போது இது இன்னும் முற்றுகிறது. ஆரோக்கியமானவர்களின் ஆழ்ந்த உறக்கத்தை மட்டும் தொடர்ந்து கலைத்தால் உடம்பு வலியும், தொட்டால் நோகும் தன்மையும் வருவதை 1970-களில் டொராண்டோவில் தூக்க ஆய்வாளர் ஹார்வி மோல்டோஃப்ஸ்கி காட்டினார். வலி தூக்கத்தைக் கெடுக்கிறது. கெட்ட தூக்கம் மறுநாள் வலியைக் கூட்டுகிறது. கடன், கவலை, துக்கம் எல்லாம் இந்தச் சுழலுக்குள்தான் வந்து சேர்கின்றன. மனம் இதில் பங்கெடுக்கிறது என்பதால் வலி பொய்யாகிவிடாது. மனமும் நரம்பும் ஒரே உடம்பில்தான் இருக்கின்றன.

மருத்துவ உலகம் இதை ஏற்கத் தொடங்கிவிட்டது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் 11-ஆவது நோய் வகைப்பாட்டில், 3 மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலிக்குத் தனித் தலைப்பு உண்டு. பரவலான நாள்பட்ட வலிக்கு அதற்குள் தனிக் குறியீடும் உண்டு. எக்ஸ்ரேயில் எதுவும் தெரியாவிட்டாலும் அது நோய்தான்.

ஆனால் பரவலான வலி எல்லாமே நரம்பின் கூர்மையால் வருவதில்லை. காலையில் விரல்களை மடக்க முடியாதபடி அரை மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் விறைப்பு, மூட்டு வீக்கம், காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு ஆகியவை இருந்தால் முடக்குவாதம் போன்ற நோய்களைத் தேடிப் பார்த்தாக வேண்டும். அவற்றைத் தொடக்கத்திலேயே பிடித்தால் மூட்டைக் காப்பாற்றலாம். தைராய்டு குறைபாடும், வைட்டமின் டி பற்றாக்குறையும் உடம்பு வலியாகவே வெளிப்படலாம். உறுப்பு உறுப்பாகப் பார்க்கும் மருத்துவத்தில் தவறிப்போவதும் இவைதான். முழங்காலை மட்டும் பார்ப்பவர் விரல்களைப் பார்ப்பதில்லை.

பரவலான வலியில் நமக்கு ஒரு பட்டறிவும் உண்டு. 2006-இல் இந்தியாவில் சுமார் 13.9 லட்சம் பேருக்குச் சிக்குன்குன்யா கண்டிருக்கலாம் என்று கணக்கிடப்பட்டது. காய்ச்சல் சில நாட்களில் விட்டது. மணிக்கட்டையும் விரலையும் கணுக்காலையும் பிடித்த வலி பலருக்கு மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் விடவில்லை. அந்த வலியை யாரும் சந்தேகப்படவில்லை. தெருவே சுவரைப் பிடித்து நடந்ததால் ஒருவர் வலியை இன்னொருவர் நம்பினார். தனி ஒருத்திக்கு அதே வலி வரும்போது மட்டும் நாம் சாட்சி கேட்கிறோம்.

உழைப்பின் கணக்கு

யாருக்கு இந்த வலி அதிகம் என்று பார்த்தால் அது உடல்நலப் பிரச்சினையாக மட்டும் நிற்பதில்லை. நாற்று நடும் பெண் பகல் முழுக்கக் குனிந்தே இருக்கிறார்: இடுப்பு, முழங்கால், விரல். திருப்பூரில் தையல் இயந்திரத்தின் முன் இருப்பவருக்குக் கழுத்து, தோள், மணிக்கட்டு, மிதிக்கும் கால். பீடி சுற்றுபவர், தறியில் உட்காருபவர், செங்கல் சுமப்பவர் எவருக்கும் ஒரே உறுப்பு மட்டும் உழைப்பதில்லை. பெண்களுக்கு வேலை அத்தோடு முடிவதும் இல்லை. 2024-ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடங்கள் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடங்கள். வலித்த தோள் ஆறுவதற்கான மாலை நேரம் தண்ணீர்க் குடத்துக்கும் மாவாட்டவும் போய்விடுகிறது.

சட்டம் இதைப் பார்ப்பதில்லை. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் வகுத்த, அறிவிக்கப்பட வேண்டிய நோய்களின் பட்டியலில் ஈய நஞ்சேற்றம், சிலிகோசிஸ், இரைச்சலால் வரும் காது கேளாமை எல்லாம் உண்டு. வேலையால் வரும் கழுத்து வலியும் முதுகு வலியும் இல்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2010-இல் திருத்திய தொழில்சார் நோய்ப் பட்டியலிலோ தசை, எலும்புக் கோளாறுகளுக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை இயலாமைகளை ஏற்கிறது. நாள்பட்ட வலி அவற்றில் ஒன்றல்ல. கை கால் அசைகிறது என்பதால் வலிப்பவர் சட்டத்தின் கண்ணில் இயலாதவர் இல்லை. வலிக்கிறது என்பதால் முழு நாள் வேலையும் அவரால் ஆகாது. இந்த இடைவெளியில் ஒரு குடும்பத்தின் வருமானமே விழுந்துவிடுகிறது.

மாற்ற முடியும் என்பதற்கும் சான்று இருக்கிறது. கோழிக்கோட்டின் மிட்டாய்த் தெருவில் ஜவுளிக் கடைப் பெண்கள் உட்கார அனுமதி கேட்டுப் போராடினார்கள். 2018-இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021-இல் தமிழ்நாடும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் இருக்கை வசதியைக் கட்டாயமாக்கியது. 12 மணி நேரம் நிற்கும் கால்களுக்கு ஒரு முக்காலி தருவதும் மருத்துவம்தான். அந்த முக்காலி கடையில் இருக்கிறதா, அதில் உட்கார்ந்தால் மேற்பார்வையாளர் முறைக்காமல் இருக்கிறாரா என்று பார்ப்பது தொழிலாளர் துறையின் பொறுப்பு.

மாத்திரை தீர்வாகாது

இப்போதைக்கு வலிப்பவருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது மருந்துக்கடை மட்டுமே. சீட்டு இல்லாமலே வலி மாத்திரை கிடைக்கிறது. பேர் தெரியாத ஊசியும் சில இடங்களில் போடப்படுகிறது. டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகளை நாள்கணக்கின்றி விழுங்கினால் வயிற்றில் புண் வரலாம், சிறுநீரகம் கெடலாம். வெயிலில் தண்ணீர் குறைவாகக் குடித்து உழைப்பவருக்கு ஆபத்து இரட்டிப்பு. நரம்பின் கூர்மையால் பரவிய வலிக்கு அவை பெரிதாக உதவுவதும் இல்லை. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2021-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வேறு காரணம் இல்லாத நாள்பட்ட வலிக்குப் பாராசிட்டமாலையோ இவ்வகை மாத்திரைகளையோ ஓபியாய்டு எனும் அபின் வகை மருந்துகளையோ தொடங்க வேண்டாம் என்றே சொல்கிறது. பரவலான வலியின் முக்கிய வகையான ஃபைப்ரோமயால்ஜியாவுக்கு ஐரோப்பிய வாதநோய் மருத்துவர் கூட்டமைப்பு 2017-இல் தந்த பரிந்துரைகளில், உறுதியான ஆதரவு பெற்றது ஒன்றே: உடற்பயிற்சி.

ஆனால் "நட, சரியாகிவிடும்" என்று ஒரே வார்த்தையில் அனுப்புவது சிகிச்சை ஆகாது. முதல் நாளே அதிகம் நடந்து மறுநாள் படுத்துவிட்டவர், பிறகு பயந்து அசைவதையே நிறுத்துகிறார். தசை மெலிகிறது, வலி கூடுகிறது. தாங்கும் அளவில் தொடங்கி, வாரம் வாரமாகக் கொஞ்சம் ஏற்றி, வலி ஏறும் நாளில் அளவைக் குறைத்து, விடாமல் தொடரக் கற்றுத்தர ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் இயன்முறை மருத்துவர்.

அடித்தளம் இருக்கிறது

தமிழ்நாட்டில் இதற்குப் புதிதாக எதையும் கட்ட வேண்டியதில்லை. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ரத்த அழுத்தம், சர்க்கரை நோய்க்கு வீடு தேடி மருந்து தருவதோடு இயன்முறை சிகிச்சையும் சேர்ந்தே இருக்கிறது. வீட்டுக்கு வரும் மகளிர் சுகாதாரத் தன்னார்வலரின் கையில் 9 பகுதிகள் குறித்த ஓர் உருவப்படத் தாளும் இருக்கட்டும். 4 பகுதிகளுக்கு மேல் 3 மாதங்களாக வலி என்று குறிப்பவருக்கு, ஒரே மருத்துவர் முழு உடம்பையும் பார்த்து, தேவையான ரத்தப் பரிசோதனைகளை எழுத வேண்டும். அதன்பின் ஒரே சிகிச்சைத் திட்டம், ஒரே இயன்முறை மருத்துவர், ஒரே அட்டை. இதற்கேற்ப இயன்முறை மருத்துவர்களின் எண்ணிக்கையையும் ஒவ்வொரு வட்டாரத்திலும் கூட்டியாக வேண்டும். அந்தத் தாள்களைத் தொகுத்தால், எந்தத் தொழிலில் எந்த உறுப்புகள் தேய்கின்றன என்ற வரைபடமும் அரசுக்குக் கிடைக்கும். தொழில்சார் நோய்ப் பட்டியலைத் திருத்தக் கேட்கும் வலுவும் கிடைக்கும்.

குடும்பத்துக்கும் பங்குண்டு. நேற்று தோள், இன்று இடுப்பு என்று ஒருவர் சொன்னால் அது நோயின் இயல்பு. பேச்சு மாறுவதாக எண்ண வேண்டாம். குடத்தையும் துணி வாளியையும் வீட்டில் மற்றவர்கள் எடுத்துக்கொள்வதும், அவர் இரவு தடையின்றித் தூங்க வழிசெய்வதும், எந்த மாத்திரையும் செய்யாத வேலையைச் செய்யும்.

பரவலான வலி ஒரே நாளில் தீராது. பலருக்கு முழுதாகத் தீராமலும் போகலாம். ஆனால் அதனோடு வாழ்பவர் வேலைக்குப் போகவும், பேரப்பிள்ளையைத் தூக்கவும், இரவில் தூங்கவும் முடிகிற அளவுக்கு அதைக் குறைக்க முடியும். அதற்கான அறிவு மருத்துவத்திடம் இருக்கிறது, பணியாளர் அமைப்பு அரசிடம் இருக்கிறது. இரண்டையும் இணைக்கும் முடிவை மக்கள் நல்வாழ்வுத் துறையும் தொழிலாளர் நலத் துறையும் சேர்ந்து எடுக்க வேண்டும்.