அபிமானிகளின் உபகாரமும் ஆட்டக்காரரின் கல்வியும்

உபகாரஞ் செய்தல் நன்று. அதனைச் செய்யும் முறையறிந்து செய்தல் அதனினும் நன்று. விளையாட்டில் அபிமானமுடைய செல்வர் சிலர், தம் கல்லூரி வெல்ல வேண்டுமென்னும் ஆர்வத்தால், ஆட்டத்தில் வல்ல இளைஞரைத் தாமே தேடிச் சென்று, பொருள் காட்டிச் சேர்ப்பிக்க முற்படுவதுண்டு. இது தகுமோ என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

இதற்கெனத் தெளிவான விதிகளை வகுத்த நாடு அமெரிக்கா. அபிமானி கல்லூரிக்குக் கொடை தரலாம். ஆட்டக்காரனையோ அவன் பெற்றோரையோ தானே அணுகி அழைத்தலும், அவர் கையிற் பொருள் தருதலும் ஆகா என்பது அங்கு நெடுங்காலம் வழங்கிய நெறி. டல்லாஸ் நகரிலுள்ள தெற்கு மெதடிஸ்டுப் பல்கலைக்கழகம் 1911-ல் திருச்சபையார் நிறுவியதாகும். அங்கே அபிமானி ஒருவர் அளித்த நிதியினின்று 13 ஆட்டக்காரருக்குத் திங்கள்தோறும் மறைவாகப் பணம் கொடுக்கப்பட்டது. அத்தொகை ஏறத்தாழ 61,000 டாலர். இது வெளிப்படவே, 1987 பிப்ரவரி 25-ல், தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் அவ்வாண்டின் கால்பந்துப் பந்தயங்கள் அனைத்தினின்றும் அப்பல்கலைக்கழகத்தை விலக்கிற்று. அடுத்த ஆண்டும் ஆட இயலாது போயிற்று. ஆட்சிக்குழுத் தலைவராயிருந்து பின் மாகாண ஆளுநரான பில் கிளெமென்ட்ஸ் என்பாரே, அக்கொடுப்பு தொடரத் தாமும் இசைந்ததாக 1987 மார்ச்சில் ஒப்புக்கொண்டார். பெரியோர் செய்த பிழைக்கு, பணம் வாங்காத மாணாக்கரும் ஆடுகளத்தை இழந்தனர்.

"ஏழை இளைஞனுக்கு உதவுவதைத் தடுப்பது அறமோ?" எனச் சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. ஆட்டக்காரர் உழைப்பாற் கல்லூரிகள் பெருஞ் செல்வம் ஈட்ட, அவர்கள் மட்டும் ஒன்றும் பெறலாகாதென்றது கொடிது. ஆதலின் 2021 ஜூலை முதல் தம் பெயராற் பொருளீட்டவும், 2025 ஜூலை முதல் கல்லூரியினிடமே நேராக ஊதியம் பெறவும் அங்கு வழி பிறந்தது. ஆயினும் பிறரோடு செய்யும் 600 டாலருக்குக் குறையாத ஒப்பந்தங்களை அறிவித்தல் வேண்டும் என்பது விதி. கொடுப்பது குற்றமன்று, மறைத்துக் கொடுப்பதே குற்றம் என்பது இதனாற் பெறப்படும்.

இனி, நம் வில்லியனூர், பாகூர்க் கொம்யூன்களை நோக்குவோம். நம் நாட்டுக் கல்லூரிகளிலும் விளையாட்டுத் திறம் பற்றி இடமளிக்கும் முறை உண்டு. சிற்றூரில் கபடியாடும் உழவர் மகன் ஒருவனை அபிமானி ஒருவர் தம் சொல்லை நம்பச் செய்து அழைத்துச் செல்கின்றார் என்று கொள்வோம். முழங்கால் முறிந்த நாளில் அவனுக்குத் துணை யார்? வாய்ச்சொல்லுக்குச் சாட்சியில்லை, படிப்பும் பாதியில் நிற்கும்.

பாகூர் மண்ணே நமக்கு நெறி காட்டுகின்றது. ஒன்பதாம் நூற்றாண்டில், நிருபதுங்கவர்மப் பல்லவன் காலத்துப் பாகூர்ச் செப்பேடுகள், அவ்வூர் வித்தியாஸ்தானத்துக்கு மூன்று ஊர்கள் அளிக்கப்பட்டமையைக் கூறுகின்றன. அக்கொடை தனி மாணாக்கன் ஒருவன் கையிற் புகவில்லை. கல்வி நிலையத்துக்கே சென்றது. பலரும் அறியச் செப்பேட்டிலும் பொறிக்கப்பட்டது.

ஆகவே, நம் கல்லூரிகள் நான்கு விதிகளை மேற்கொள்ளுதல் நலம். அபிமானியின் கொடை கல்லூரி நிதிக்கே இரசீதுடன் சேர்தல் வேண்டும். சேர்க்கை பற்றி இளைஞனிடம் பேசுவோர் ஆசிரியராகவே இருத்தல் வேண்டும். அதுவும் பெற்றோர் முன்னிலையில். வாக்களித்த உதவி எதுவாயினும் எழுத்தில் அமைதல் வேண்டும். காயமுற்று ஆடவியலாதவனுக்கும் பட்டம் பெறுமளவும் அவ்வுதவி நிற்றல் வேண்டும்.

இவற்றுள் நான்காவதே தலையாயது. வெற்றிக் கிண்ணம் கல்லூரிக் கூடத்தில் இருக்கும். அதனை ஈட்டித் தந்தவன் பட்டமின்றி ஊர் திரும்புவானாயின், அக்கிண்ணத்தால் நாம் பெருமை கொள்ளுதல் எங்ஙனம்?