யாருடைய தகுதி?

"தகுதி, தகுதி" என்று டில்லி சர்க்கார் முழங்குகிறது. நீட் பரீட்சையில் தேறினால்தான் டாக்டராகத் தகுதியாம்!

அந்தத் தகுதி என்ன விலை? சூலக்கரை வட்டாரத்தில் பஞ்சாலைக்குப் போகிற, களை வெட்டுகிற, பட்டாசுக்கு மருந்து அடைக்கிற தாய் தகப்பனைக் கேளுங்கள், தோழர்களே! 2024-ல் மனுப் போடவே 1,700 ரூபாய். பட்டியல் சாதியாருக்கும் 1,000. இது வாசற்படிக் காசு. உள்ளே கோச்சிங் கடைக்காரன் லட்சத்தில் கேட்கிறான். கம்மலை அடகு வைத்தால் தீருமா? ஒரு வருஷம் தவறினால் மறுவருஷமும் அவனுக்கே அழவேண்டும்.

அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதா, மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள். பிளஸ் டூவில் 1200-க்கு 1176. தகுதியில்லை என்றார்கள். 2017 செப்டம்பரில் அந்தப் பெண்ணை இழந்தோம். மறு வருஷம் நம் பிள்ளைகள் பலருக்குக் கேரளத்திலும் ராஜஸ்தானிலும் பரீட்சை மையம் போட்டார்கள். மகனுக்குத் துணையாக எர்ணாகுளம் போன ஒரு தகப்பன் அங்கேயே மாரடைப்பில் மாண்டார்.

ஆனால் 2024-ல் பாட்னாவிலும் ஹசாரிபாக்கிலும் கேள்வித்தாள் வெளியே வந்ததே! சுப்ரீம் கோர்ட்டே ஒப்புக்கொண்டது. அதுவும் தகுதிதானா?

விருதுநகரில் 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தாயிற்று. 150 இடம். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2020-லிருந்து 7.5 சதவிகித ஒதுக்கீடு உண்டு, நல்லதுதான். அதற்கும் நீட் தேறியாக வேண்டுமே!

2006-லேயே நுழைவுத் தேர்வை ஒழிக்கச் சட்டம் செய்த நாடு நம் தமிழ்நாடு. நீட் விலக்கு மசோதாவைச் சட்டசபை 2021-ல் நிறைவேற்றியது. கவர்னர் திருப்பி அனுப்பினார். 2022-ல் மறுபடி நிறைவேற்றியது. டில்லி மறுத்துவிட்டது என்று 2025 ஏப்ரலில் சட்டசபையில் அறிவித்தார்கள். மறுக்குமுன் யாரைக் கேட்டார்கள்? குழுமூரையா, கோச்சிங் கடைக்காரனையா?