கலைஞருக்கு வாக்கில்லாத கலைச் சங்கம் எதற்கு?

பெங்களூரு சாமராஜப்பேட்டையில் இயங்கும் இலக்கிய அமைப்பான கன்னட சாகித்ய பரிஷத்தின் துணை விதிகளைத் திருத்தும் முயற்சி 2025-ல் பெரும் சர்ச்சையாகி, சங்கப் பதிவுச் சட்டத்தின் கீழான விசாரணை வரை போனது. தலைவர் கையில் இவ்வளவு அதிகாரமா என்று எழுத்தாளர்கள் கொதித்தார்கள். தன்னாட்சி அமைப்பில் அரசு தலையிடலாமா என்று மறுதரப்பு கேட்டது. இரண்டும் கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால், இத்தனை வாதப் பிரதிவாதங்களுக்கு நடுவே அடிப்படையான கேள்வி அடிபட்டுப்போனது: ஒரு கலைக்காகத் தொடங்கிய சங்கத்தில் வாக்கு யாருடையது?

1915-ல் பிறந்த சாகித்ய பரிஷத்தில் லட்சக்கணக்கானோர் வாக்களித்துத் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். எழுத்தாளர் அங்கே உறுப்பினராகலாம், போட்டியிடலாம், தோற்றால் நாளிதழில் எழுதித் தட்டிக் கேட்கலாம். அதே சட்டத்தின் கீழ் பதிவாகும் நாட்டுப்புறக் கலைச் சங்கங்களை யோசித்துப் பாருங்கள். டொள்ளு அடிப்பவர், கம்சாளே பாடுபவர், தமடெ வாசிப்பவர், தோல்பாவை ஆட்டுபவர் ஆகியோரின் பெயரால்தான் நன்கொடை வருகிறது, மானியம் வருகிறது, வரிவிலக்கும் கிடைக்கிறது. செயற்குழு மேசையைச் சுற்றி உட்காருபவர்கள் மட்டும் பெரும்பாலும் வேறு ஆட்கள்.

இதற்குக் காரணம் சட்டத்தில் இருக்கும் வெற்றிடம். 1960-ம் ஆண்டின் கர்நாடக சங்கங்கள் பதிவுச் சட்டப்படி, 18 வயது நிறைந்த ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்துவிடலாம். ஆண்டுக் கூட்டம் நடத்த வேண்டும், கணக்கு தாக்கல் செய்ய வேண்டும், செயற்குழுப் பட்டியல் தர வேண்டும் என்றெல்லாம் சட்டம் கேட்கிறது. தவறு நடந்தால் 25-வது பிரிவின்படி விசாரணை. மேலும் கெட்டுப்போனால் 27-ஏ பிரிவின்படி நிர்வாக அதிகாரி. எந்த மக்களின் கலையை வளர்க்கச் சங்கம் தொடங்குகிறீர்களோ, அந்த மக்களில் எத்தனை பேர் செயற்குழுவில் இருக்கிறார்கள் என்று மட்டும் அது கேட்பதில்லை.

கர்நாடக ஜானபத பரிஷத்தையே எடுத்துக்கொள்வோம். 1979-ல் எச்.எல். நாகேகவுடா தொடங்கியது. ராமநகரத்தில், பெங்களூரு - மைசூரு நெடுஞ்சாலையோரம் அவர் எழுப்பிய ஜானபத லோகம் தென்னிந்தியாவின் நாட்டுப்புற அருங்காட்சியகங்களில் முன்வரிசையில் நிற்பது. அவருடைய உழைப்புக்கு எவரும் தலைவணங்கவே வேண்டும். ஆனால், தலைமைப் பொறுப்பில் இருந்தவர்களைப் பாருங்கள். நாகேகவுடா ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி. பின்னர் வந்த ஜி. நாராயணா, பெங்களூருவின் முன்னாள் மேயர். டி. திம்மேகவுடா ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி. ஹி.சி. போரலிங்கையா பேராசிரியர், முன்னாள் துணைவேந்தர். எல்லோரும் மதிப்புக்குரியவர்கள். மாநிலத்தின் மிகச் சிறந்த நாட்டுப்புற அமைப்பிலேயே நிலைமை இது. அதிகாரியும் மேயரும் துணைவேந்தரும் அமர்ந்த நாற்காலிக்கு ஒரு கம்சாளே கலைஞர் வர முடியாமல் தடுப்பது எது?

‘அவர்களுக்கு நிர்வாகம் தெரியாது’ என்பார்கள். பெங்களூருவில் இருந்துகொண்டு இதைச் சொல்ல வெட்கப்பட வேண்டும். ஏனென்றால், இந்த வாதத்தை இதே ஊர் 1957-லேயே முறியடித்துவிட்டது. அந்த ஆண்டுகளில் காபி வாரியம் தன் காபி ஹவுஸ்களை இழுத்து மூடி, ஊழியர்களை வீட்டுக்கு அனுப்ப முடிவு செய்தது. கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலனின் வழிகாட்டலில் அந்த ஊழியர்கள் கூட்டுறவுச் சங்கமாகத் திரண்டார்கள். இந்தியக் காபித் தொழிலாளர்களின் முதல் கூட்டுறவுச் சங்கம் பெங்களூருவில்தான் உருவானது; நாள் 1957 ஆகஸ்ட் 19. தட்டு ஏந்தியவரும் காபி கலக்கியவரும் மேசை துடைத்தவரும் முதலாளிகளானார்கள். ஆளுக்கொரு வாக்கு. மூடுவதற்கு மூத்த அதிகாரிகள் நாள் குறித்த நிறுவனத்தைப் பரிமாறுபவர்கள் நடத்திக் காட்டினார்கள். அந்த வழியில் நாடெங்கும் சங்கங்கள் முளைத்தன. திருச்சூரில், திருவனந்தபுரத்தில், டெல்லியில், கொல்கத்தாவில் என்று அந்தப் பெயர்ப் பலகை பரவியது. பெங்களூரு மகாத்மா காந்தி சாலையில் இருந்த காபி ஹவுஸ் 2009-ல் சர்ச் ஸ்ட்ரீட்டுக்கு இடம் மாறியது; மூடப்படவில்லை. தனியார் காபிக் கடைகள் பெரும் முதலீட்டோடு வந்து போட்டியிட்ட காலத்தையும் அது தாண்டி வந்தது.

இதில் இன்னொரு செய்தி இருக்கிறது. கர்நாடகத்தில் சங்கங்களின் பதிவாளராக இருப்பவரும் கூட்டுறவுத் துறை அதிகாரிதான். ஒரே அலுவலகம், ஒரே முத்திரை. கூட்டுறவுச் சங்கமாகப் பதிவு செய்தால் உழைப்பவருக்கு ஒரு வாக்கு உறுதி. கலைச் சங்கமாகப் பதிவு செய்தால் அந்த உறுதி இல்லை. காபி பரிமாறுபவரை நம்பிய அரசு, வீரகாசை ஆடுபவரை நம்ப மறுக்கிறது. இந்தப் பாகுபாட்டுக்கு யாராவது நியாயம் சொல்லட்டும்.

படிப்பறிவு, ஆங்கிலக் கடிதம், தணிக்கை அறிக்கை என்று அடுக்குபவர்களிடம் நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை. கணக்கு எழுத ஒரு கணக்கரைச் சம்பளத்துக்கு வைக்கலாம்; கலையை அறிந்தவரைச் சம்பளத்துக்கு உருவாக்க முடியாது. காஞ்சிபுரத்தில் 1990-ல் கூத்துக் கலைஞர்களே கூடி, பெ. இராஜகோபாலின் முன்னெடுப்பில் கட்டைக்கூத்துச் சங்கத்தைத் தொடங்கினார்கள். இரவெல்லாம் வேஷம் கட்டி ஆடியவர்கள் விழா நடத்தினார்கள். பிள்ளைகள் படித்துக்கொண்டே கூத்துப் பழகக் குருகுலம் நடத்தினார்கள். கர்நாடக ஜானபத அகாதெமியின் தலைவர் பொறுப்பு 2019-ல் மஞ்சம்மா ஜோகதிக்குத் தரப்பட்டது. தெருவில் ஜோகதி ஆட்டம் ஆடிய திருநங்கை, பெங்களூரு கன்னட பவனில் தலைவர் இருக்கையில் அமர்ந்தார். வானம் இடிந்து விழவில்லை. 2021-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. 2023-ல் தமடெ கலைஞர் முனிவெங்கடப்பாவுக்கும், 2025-ல் தோல்பாவைக் கலைஞர் பீமவ்வாவுக்கும், நம் பறையிசை ஆசான் வேலு ஆசானுக்கும் அதே விருது. குடியரசுத் தலைவர் கையால் விருது வாங்கத் தகுதியுள்ளவருக்குச் செயற்குழுவில் கையெழுத்துப் போடத் தகுதி இல்லையா?

அடுத்த வாதம், வரிவிலக்கு. நிர்வாகக் குழுவில் இருப்பவரே மேடையேறிப் பணம் பெற்றால் அறக்கட்டளைத் தன்மை போய்விடும் என்று ஆடிட்டர்கள் பயமுறுத்துகிறார்கள். இது பாதி உண்மை. அறநிலைய வருமானத்தை நிர்வாகிகள் சுருட்டக் கூடாது என்றுதான் வருமான வரிச் சட்டம் சொல்கிறது. செய்த வேலைக்கு நியாயமான ஊதியம் தருவதை அது தடுக்கவில்லை. ஒரு கலைஞரின் நிகழ்ச்சி குறித்த தீர்மானம் வரும்போது அவர் வெளியே எழுந்து போகட்டும். எத்தனை ரூபாய் என்பது நடவடிக்கைக் குறிப்பேட்டில் ஏறட்டும். விஷயம் முடிந்தது. அரங்கு வாடகைக்கும் சொற்பொழிவாளரின் விமானக் கட்டணத்துக்கும் மனமுவந்து கையெழுத்திடுபவர்களுக்கு, கலைஞரின் சம்பளம் என்றதும் சட்டம் நினைவுக்கு வருவதை ஏற்க முடியாது.

அப்படியானால் அரசே எடுத்து நடத்தட்டும் என்று சிலர் சொல்கிறார்கள். அது இன்னும் மோசம். அலகாபாத் இந்தி சாகித்ய சம்மேளனத்தின் உறுப்பினர் அமைப்பை மாற்ற 1962-ல் நாடாளுமன்றமே சட்டம் போட்டது. தமயந்தி நாரங்கா வழக்கில் 1971-ல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. யாரோடு சேர்ந்து சங்கம் அமைப்பது என்பது உறுப்பினர்களின் அடிப்படை உரிமை என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். ஆகவே, விதி உள்ளேயிருந்தே வர வேண்டும். அரசு செய்யக்கூடியது ஒன்றுதான்: விதி சரியில்லாத சங்கத்துக்கு மானியமும் நிலமும் தர மறுப்பது.

எப்படிப்பட்ட விதி? செயற்குழுவில் மூன்றில் இரண்டு பங்கு, ஆடிப் பாடிப் பிழைக்கும் கலைஞர்களுக்கு. அவர்களில் பாதிப் பேர் பெண்களும் திருநங்கைகளும். உறுப்பினராகச் சான்றிதழ் வேண்டாம். இரண்டு கலைஞர்களின் பரிந்துரை போதும். புரவலர் எவ்வளவு கொடுத்தாலும் மாலை மரியாதை உண்டு, வாக்கு கிடையாது. ஒருவர் இரண்டு முறைக்கு மேல் ஒரே பதவியில் இருக்கக் கூடாது. ஆண்டுப் பொதுக்கூட்டம் திருவிழாக் காலத்தில் கூடாது. வருபவர்களுக்குப் பயணப்படி தர வேண்டும். மூன்று ஆண்டுகளில் ஒருமுறையாவது அது பெங்களூருவுக்கு வெளியே, கலைஞர்கள் வாழும் மாவட்டத்தில் நடக்க வேண்டும். வரவு செலவை அச்சடித்துக் கொடுத்தால் மட்டும் போதாது. வந்த ஒவ்வொரு நூறு ரூபாயிலும் கலைஞர் கைக்குப் போனது எவ்வளவு என்று கூட்டத்தில் உரக்க வாசிக்க வேண்டும்.

ஒலிப்பதிவுகளுக்கென்றே தனி விதி வேண்டும். கிராமத்துக்குப் போய்ப் பாட்டியின் பாட்டைப் பதிவு செய்து வந்து, அந்த நாடாவைச் சங்கத்தின் சொத்து என்று பூட்டி வைப்பது நெடுநாள் வழக்கம். 1957-ம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994 திருத்தம் நிகழ்த்துநரின் உரிமையைச் சேர்த்தது; 1999 திருத்தம் முதல் அந்த உரிமை 50 ஆண்டுகளுக்கு உண்டு. 2012 திருத்தம், தன் பெயர் சொல்லப்பட வேண்டும் என்று கேட்கும் உரிமையையும் சேர்த்தது. இதை அந்தப் பாட்டிக்கு எடுத்துச் சொன்ன சங்கங்கள் எத்தனை? பாடியவரின் பெயர், ஒப்புதல், பங்கு ஆகிய மூன்றும் இல்லாமல் எந்தப் பதிவும் வெளியே போகக் கூடாது என்று துணை விதியிலேயே எழுத வேண்டும்.

இது கன்னடர்களின் பிரச்சினை என்று தமிழ் வாசகர் ஒதுங்கிவிடக் கூடாது. அல்சூர் ஏரிக்கரையில் 1950 முதல் இயங்கும் பெங்களூரு தமிழ்ச் சங்கம் தொடங்கி, உலகெங்கும் பறைக்கும் கரகாட்டத்துக்கும் மேடை தரும் தமிழ் அமைப்புகள் வரை, விருந்தாளியாகத்தான் கலைஞரை அழைக்கிறோம், உறுப்பினராக அழைப்பதில்லை. தமிழ்நாடு 2007-ல் நாட்டுப்புறக் கலைஞர்களுக்கென நல வாரியம் அமைத்தது. நல்லது. ஆனால் நல உதவி பெறுவது வேறு, முடிவெடுப்பது வேறு. 1975-ம் ஆண்டின் தமிழ்நாடு சங்கப் பதிவுச் சட்டமும் இந்த விஷயத்தில் மௌனமாகவே இருக்கிறது.

நாட்டுப்புறக் கலைகள் அழிகின்றன என்று ஆண்டுதோறும் மாநாடு போட்டு அழுகிறோம். தொலைக்காட்சியையும் கைபேசியையும் பழிக்கிறோம். உண்மைக் காரணம் வேறு: கலையைக் கலைஞரிடமிருந்து பிடுங்கிக் குழுக்களிடம் கொடுத்துவிட்டோம். வாக்கு கொடுங்கள், கலை பிழைத்துக்கொள்ளும். வரும் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குப் போகும் ஒவ்வொரு ஆயுள் உறுப்பினரும் துணை விதிப் புத்தகத்தைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். செயற்குழுவில் எத்தனை கலைஞர்கள் என்று எழுந்து கேளுங்கள். பதில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறைவாக இருந்தால், அந்தக் கூட்டத்திலேயே திருத்தத் தீர்மானம் கொண்டுவாருங்கள்.