மணலில் இறங்கினால் மானம் போகுமா?

விளையாட்டு விழா நாளில் நம் பள்ளி மைதானத்தில் மாணவியருக்கென்று ஒரு சைக்கிள் போட்டி உண்டு. மெதுவாகச் சைக்கிள் ஓட்டும் போட்டி என்று அதற்குப் பெயர். கடைசியில் வருகிறவருக்கே முதற்பரிசு. காலைத் தரையில் ஊன்றியவர் அப்போதே வெளியேற வேண்டும். நாங்களும் ஆண்டுதோறும் அதில் கலந்துகொண்டு எவர்சில்வர் டம்ளரும் சோப்புப் பெட்டியும் பரிசாகப் பெற்றிருக்கிறோம். உடலைச் சமநிலையில் நிறுத்த அது நல்ல பயிற்சிதான். ஆயினும் மெதுவாகப் போ, கோட்டைத் தாண்டாதே, காலைக் கீழே வைத்தால் தோற்றாய் என்ற பாடம் மட்டும் எங்களுக்குப் போதுமா என்று கேட்கத் தோன்றுகிறது.

காயல்பட்டினத்திலிருந்தும் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் வரும் எங்களுக்கு மணல் புதிதன்று. கிழக்கே கடற்கரை மணல். தென்மேற்கே போனால் குதிரைமொழித் தேரியின் செம்மணல். தார்ச்சாலையில் பறக்கும் சைக்கிள், மணலைக் கண்டதும் சண்டி மாடுபோல் நின்றுவிடும்.

சென்ற ஆண்டு எங்கள் தோழி ஒருத்திக்கு இதுதான் நேர்ந்தது. கடலோரக் குடியிருப்பிலிருந்து சைக்கிளில் வந்துகொண்டிருந்தவள், ஒரு நாள் தெருமுனை மணலில் சிக்கி விழுந்தாள். அடி பெரிதில்லை. ஆனால் திண்ணையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். “வளர்ந்த பிள்ளைக்கு சைக்கிள் எதுக்கு?” என்று ஒருவர் கேட்டார். மறுநாள் முதல் அந்தச் சைக்கிளில் அவள் தம்பி டியூஷனுக்குப் போகிறான். அவளோ பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறாள். மாலைச் சிறப்பு வகுப்பு முடியுமுன்பே எழுந்து போகிறாள். கணக்கில் அவள் மதிப்பெண் குறைந்ததற்குக் காரணம் மணலா, சிரிப்பா என்று பெரியோர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோதுதான் எங்கள் உடற்கல்வி ஆசிரியை, ‘சைக்ளோகிராஸ்’ என்னும் பந்தயத்தைப் பற்றிச் சொன்னார்கள். ஐரோப்பாவில் சாலைப் பந்தய வீரர்கள் குளிர்காலத்தில் உடல் தளராதிருக்க, வயல்களின் குறுக்கே வேலி தாண்டிச் சைக்கிளோட்டியதில் பிறந்த ஆட்டம் இது. 1902-ஆம் ஆண்டில் டானியேல் கூசோ என்ற படைவீரர் பிரான்சு நாட்டின் முதல் தேசியப் போட்டியை நடத்தினார். சுற்று ஒன்றுக்கு ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர். வழியில் சேறு, மணல், மேடு, படிக்கட்டு எல்லாம் வரும். 40 சென்டிமீட்டர் உயரம்வரை குறுக்குப் பலகைகளும் வைப்பார்கள். நம் கணக்கில் அது ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவு. அங்கே வீரர்கள் சைக்கிளைவிட்டுக் குதித்திறங்கி, அதைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடி, மீண்டும் தாவி ஏறுவார்கள். யாரும் சிரிப்பதில்லை, கைதட்டுகிறார்கள்!

மணலை வெல்லவும் முறை உண்டு. டயரில் காற்றைச் சற்றுக் குறைத்தால் அது அகன்று படிந்து, புதைவது குறையும். மணலுக்குள் நுழையுமுன்பே வேகம் கூட்ட வேண்டும். உடலைப் பின்னுக்குச் சாய்த்து, கைப்பிடியை வெட்டித் திருப்பாமல், முன்னே போன வண்டியின் தடத்தைப் பிடித்துப் போக வேண்டும். வேகம் முழுவதும் அடங்குமுன் இறங்கிவிட வேண்டும். எப்போது இறங்குவது என்று அறிவதுதான் இந்த ஆட்டத்தின் பாதித் திறமை. உலகப் போட்டியில் 33 மில்லிமீட்டருக்கு மேல் அகலமான டயருக்கு இடமில்லை. நம் வீட்டுச் சைக்கிளின் ஒன்றரை அங்குல டயர் அதைவிட அகலமானது. ஆகவே கருவி இல்லையே என்ற கவலை வேண்டாம்.

கேட்டதைச் செய்து பார்க்க ஆவல் கொண்டோம். அனுமதி பெற்று, ஒரு சனிக்கிழமைக் காலை, பள்ளியின் பின்புறத்து மணல்வெளியில் பனந்தடி இரண்டைக் குறுக்கே போட்டுப் பதினொரு பேர் ஓட்டினோம். நான்கு சுற்றுகள். முதற்சுற்றில் முந்தியவள் இறங்க மனமில்லாமல் மிதித்து மிதித்து மணலிலேயே நின்றுவிட்டாள். பயந்தாங்கொள்ளி என்று நாங்கள் கேலி செய்யும் ஒருத்தியோ, மணல் வந்ததும் இறங்கி, சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஓடி, எல்லாரையும் முந்தினாள். அவள் ஓட்டியது அண்ணனின் பழைய சைக்கிள். ஆறு பேர் விழுந்தோம். இருவருக்கு முழங்கால் சிராய்ப்பு. ஒரு டயரில் உடைமுள் குத்திப் பஞ்சர். வேடிக்கை பார்க்க வந்த எங்கள் தோழி, பாதியில் களைத்தவளின் சைக்கிளை வாங்கிக்கொண்டு கடைசி இரண்டு சுற்றுகளை ஓட்டி முடித்தாள். மூன்று முறை இறங்கினாள், மூன்று முறையும் ஏறினாள். அவள் முகத்தில் அத்தனை மகிழ்ச்சியை நாங்கள் நெடுநாளாகக் கண்டதில்லை.

பெண்களுக்கு இது ஏற்றதா என்று சிலர் கேட்கலாம். உலகமும் இப்படித்தான் தயங்கியது. ஆண்களுக்கு உலகப் போட்டி 1950-இல் தொடங்கியது, பெண்களுக்கோ 2000-இல்தான். முதற்பட்டம் பெற்றவர் ஜெர்மனியின் ஹங்கா குப்ஃபர்நாகல். 2012-இல் பெல்ஜியத்தின் கொக்ஸைடு கடற்கரை மணற்குன்றுகளில் நடந்த பந்தயத்தில் நெதர்லாந்தின் மரியானா வோஸ் வாகை சூடினார். அவர் பெற்ற உலகப் பட்டங்கள் எட்டு.

அவ்வளவு தொலைவு போவானேன்? நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-இல் தொடங்கிய அறிவொளி இயக்கம், எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணை நின்றார். கல்லுடைப்போரும் வயல்வேலை செய்வோரும் கற்றார்கள். பெண்கள் சைக்கிள் கிடைக்காதபோது, குறுக்குக் கம்பி வைத்த ஆண்கள் சைக்கிளிலேயே ஏறினார்கள். அந்தக் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று மகிழ்ந்தார்கள். 1992 மகளிர் தினத்தில் 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டை நகரில் சைக்கிளில் அணிவகுத்தார்கள். முதலில் கேலி செய்த ஊரே பின்னர் வழிவிட்டது.

பெற்றோரின் அச்சத்தை நாங்கள் அறியாதவர்கள் அல்லோம். தாவணியும் துப்பட்டாவும் செயினில் சிக்கும் என்கிறீர்கள். விளையாட்டுச் சீருடையும் செயின் கவரும் அதற்குப் போதும். விழுவாளே என்கிறீர்கள். தாரில் விழுவதைவிட மணலில் விழுவது மெத்தையில் விழுவதுபோல. ஊர் பார்க்குமே என்கிறீர்கள். பள்ளியின் சுற்றுச்சுவருக்குள், அன்னையர் முன்னிலையில் நடத்தலாமே! வெயிலேறுமுன் அரைமணி நேரத்தில் முடித்துவிடலாம்.

எனவே அருட்சகோதரியரிடம் பணிவோடு விண்ணப்பிக்கிறோம். மெதுவாக ஓட்டும் போட்டி இருக்கட்டும். அதனோடு மணல் தாண்டும் சைக்கிள் போட்டி ஒன்றையும் அடுத்த விளையாட்டு விழாவில் சேர்த்தருள வேண்டும். பெற்றோரிடமும் ஒரு வேண்டுகோள்: மகள் விழுந்தால் சைக்கிளைப் பிடுங்காதீர்கள், எழுந்து ஏறச் சொல்லுங்கள். கடற்கரையில் மீன் பெட்டியைக் கேரியரில் கட்டி, மணலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருகிறாரே வியாபாரி, அவரைப் பார்த்து யாராவது சிரிக்கிறோமா? அவர் இறங்கித் தள்ளுவதால்தானே நம் வீட்டுக்கு மீன் வருகிறது!

எங்கள் தோழியின் சைக்கிள் இன்னும் தம்பியிடம்தான் இருக்கிறது. விளையாட்டு விழாவில் அவள் அதிலேயே ஓட்டிப் பரிசு பெறுவதையும், மறுநாள் அதிலேயே பள்ளிக்கு வருவதையும் காண நாங்கள் ஆசைப்படுகிறோம்.

— பன்னிரண்டாம் வகுப்பு மாணவியர்