ஹெச்ஐடி லைட் மாட்டப் போறீங்களா? முதல்ல இந்தக் கணக்கைப் பாருங்க

ஆம்பூர்ல ஷூ கம்பெனி சூப்பர்வைசரா இருக்கிற என் நண்பர், செகண்ட் ஹேண்ட்ல வாங்கின காருக்கு ஹெச்ஐடி கிட் மாட்டினார். கூலியோட 6,500 ரூபாய். "நைட்டு பேரணாம்பட்டு ரோட்டுல ஒண்ணுமே தெரியல சார்"னு காரணம் சொன்னார். காரணம் நியாயம்தான். ஆனா அந்த 6,500 தண்டச் செலவு என்பது என் கருத்து.

பழைய கார்கள்ல வர்ற ஹெச்4 ஹாலஜன் பல்பு 60/55 வாட். அதோட ஃபிலமென்ட் எந்த இடத்துல இருக்குமோ அதுக்குத் தகுந்த மாதிரிதான் ரிஃப்ளெக்டரை வடிவமைக்கிறாங்க. ஹெச்ஐடியில ஃபிலமென்டே கிடையாது. வாயு நிரப்பின சின்னக் குழாய்க்குள்ள மின்பொறிதான் எரியுது; அதோட அளவு வேற, இடம் வேற. 35 வாட்டுல ஹாலஜனைவிட ரெண்டு மடங்குக்கு மேல வெளிச்சம் வரும், உண்மை. ஆனா அது ரோட்டுல விழாம நாலா பக்கமும் சிதறும். வண்டிக்கு முன்னாடி இருபது அடி பளபளன்னு இருக்கும். அந்தப் பளபளப்புக்குக் கண்ணு பழகிடறதால தூரம் இன்னும் இருட்டாத் தெரியும். நீலம் கலந்த வெளிச்சம்னா மழையில இன்னும் மோசம். (கம்பெனியே புரொஜெக்டரோட கொடுத்த வண்டி வேற கதை.)

எதிர்ல வர்றவங்க நிலைமையை யோசிங்க. ஷிஃப்ட் விட்டதும் நம்ம ஊர் ரோட்டோரம் யாரு நடக்கிறாங்க? கையில டிபன் பையோட, கும்பலா, பஸ்ஸுக்குப் போற பெண்கள். சென்னை - பெங்களூரு ஹைவேயில நடுவுல மீடியன் இருக்கு. பேரணாம்பட்டு ரோட்டுல, குடியாத்தம் ரோட்டுல அது இல்லை. உங்க லைட்டுல கண்ணு கூசின பைக்காரர் இடதுபக்கம் ஒதுங்குவார். அங்கேதான் அவங்க நடந்துட்டு இருப்பாங்க. அந்தக் காலத்துல ஹெட்லைட் நடுவுல கறுப்புப் பொட்டு வச்சது சும்மா அழகுக்கா?

சரி, சட்டத்துக்கு வருவோம். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில ஒரு கேரள வழக்குல உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செஞ்சது. அதே வருஷம் வந்த திருத்தத்துல, அனுமதியில்லாம மாத்தின உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லேன்னா ஆறு மாசம் வரை ஜெயில், இல்லேன்னா ரெண்டும். விக்கிற கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார். டெஸ்ட் ரிப்போர்ட் இல்லாம வெளிநாட்டு பையர் ஒரு ஜோடி ஷூ எடுக்க மாட்டார்னு நமக்குத் தெரியும். நாம மட்டும் ரிப்போர்ட்டே இல்லாத லைட்டை வாங்கி மாட்டுறோம்!

"அப்போ 100/90 வாட் ஹாலஜன் போடலாமே"ன்னு கேப்பீங்க. 60 வாட் பல்பு 5 ஆம்பியர் இழுக்கும், 100 வாட் 8 ஆம்பியருக்கு மேல. ஒரிஜினல் வயரும் ஹோல்டரும் அதுக்குப் போட்டதில்லை, இளகும், கருகும். வயரிங்கால தீப்பிடிச்சா சர்வேயர் முதல்ல தேடறது வெட்டி ஒட்டின வயரைத்தான். கம்பெனி வாரன்டி பாக்கி இருந்தா அதுக்கும் சிக்கல்.

நண்பரோட கார்ல உண்மையான பிரச்சினை வேற. பழைய வயர், தேய்ஞ்ச சுவிட்ச். பல்புக்குப் போற வோல்டேஜ் 10 சதவீதம் குறைஞ்சா ஹாலஜன் வெளிச்சம் சுமார் 30 சதவீதம் குறையும். ரிலே வச்ச வயரிங் கிட் ஒண்ணு, அதே 60/55 வாட்டுல நல்ல பிராண்டு பல்பு ரெண்டு, மஞ்சள் படிஞ்ச கண்ணாடிக்கு பாலிஷ். கடைசியில இதைத்தான் செஞ்சோம். ஹெச்ஐடிக்குக் கொடுத்ததுல பாதிகூட ஆகல. கழட்டின கிட்டை 1,000 ரூபாய்க்குக் கேட்டாங்க. வேற ஒருத்தர் வண்டிக்குத்தானே போகும்னு அவர் விக்கல. அது இன்னும் பரண்லதான் கிடக்கு.

இன்னொண்ணு, காசே ஆகாதது. டேஷ்போர்டுல 0-லேருந்து 3 வரைக்கும் ஒரு திருகு இருக்கும், பாதிப் பேர் தொட்டே இருக்க மாட்டாங்க. டிக்கி நிறைய சாம்பிள் பெட்டி ஏத்தினா வண்டி பின்னாடி தாழ்ந்து லைட் மேல தூக்கும். அப்போ 2 இல்லேன்னா 3-ல வைங்க. பெட்டியை இறக்கினதும் மறக்காம 0-க்குத் திருப்பிடுங்க.