பேசாமல் போட்ட பெருக்கல்!

147573952589676412927.

மொத்தம் 21 இலக்கங்கள். ஏறக்குறைய 14¾ லட்சம் கோடி கோடி! ஒன்றை 67 தடவை இரட்டித்து, கடைசியில் ஒன்றைக் கழித்தால் இந்த எண் வரும்.

7 மாம்பழங்களை 2 பேருக்கோ 3 பேருக்கோ வெட்டாமல் சமமாகப் பங்கு வைக்க முடியாது. 7 ஒரு "பகா எண்". 15 அப்படி அல்ல. 3 பேருக்கு ஐந்து ஐந்தாகக் கொடுக்கலாம். அது "பகு எண்".

நமது 21 இலக்க எண் எந்த வகை?

"பகா எண்தான்" என்று 1644-ல் எழுதினார், மெர்சென் என்ற பிரெஞ்சு நாட்டுத் துறவி. பெரிய அறிஞர். 1876-ல் லூக்கா என்ற பிரெஞ்சுக்காரர், "இல்லை, பகு எண்" என்று நிரூபித்தார். ஆனால் எந்த எண்களால் வகுபடும் என்று அவரால் சொல்ல முடியவில்லை. திருட்டு நடந்தது உண்மை. திருடன் யார் என்று தெரியவில்லை!

1903 அக்டோபரில் நியூயார்க் நகரில் கணித அறிஞர்கள் கூடினார்கள். பேராசிரியர் கோல் எழுந்தார். கரும்பலகையில் இரண்டு எண்களை எழுதிப் பெருக்கினார்.

193707721 × 761838257287.

விடை? அதே 21 இலக்க எண்! ஒரு வார்த்தைகூடப் பேசாமல் போய் உட்கார்ந்தாராம். கைதட்டல் அதிர்ந்ததாம். "எத்தனை நாள் ஆயிற்று?" என்று பிறகு கேட்டதற்கு, "மூன்று வருடத்து ஞாயிற்றுக்கிழமைகள்" என்றாராம்.

"வேலையற்ற வேலை! இதனால் என்ன லாபம்?" என்று சிலர் கேட்பார்கள். லாபம் உண்டு. பெருக்குவது எளிது, பிரிப்பது கடினம். இதை வைத்தே 1977-ல் அமெரிக்காவில் மூவர் ஒரு ரகசியப் பூட்டு செய்தார்கள். இன்று இன்டர்நெட்டில் அது பயன்படுகிறது. கோலின் எண்ணைக் கம்ப்யூட்டர் நொடியில் பிரித்துவிடும். ஆகவே பூட்டுக்கு 600 இலக்கங்களுக்கு மேற்பட்ட எண்களை வைக்கிறார்கள்.

ஆனால் நான் கோலைப் பாராட்டுவது அதற்காக அல்ல. பூட்டு வரும் என்று அவருக்குத் தெரியாது. "நான் பேராசிரியர், நம்புங்கள்" என்று அவர் சொல்லவில்லை. எல்லோரும் பார்க்கப் பெருக்கிக் காட்டினார். மெர்சென் சொன்னது தவறு என்பதை இப்போது ஐந்தாம் வகுப்புப் பையனும் சரி பார்க்கலாம். "வாத்தியார் சொன்னால் சரி" என்று குழந்தைகளின் வாயை அடைக்கிறோமே, அது எனக்குப் பிடிக்கவில்லை. கேட்கட்டும். போட்டுப் பார்க்கட்டும்!

இன்று ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் குழந்தைகளிடம் இந்தக் கணக்கைக் கொடுங்கள். சிறிய எண்ணால் பெரிய எண்ணைப் பெருக்கச் சொல்லுங்கள். ஒன்பது இலக்கங்களில் ஒன்று பூஜ்யம். ஆகவே எட்டு வரிகள்தான். தாள் மட்டும் அகலமாக இருக்கட்டும்.