கட்டை அடுக்குதலும் நிரல் எழுதுதலும்

இங்கிலாந்தில் வாழும் நம் பிள்ளைகளுள் பலர் தத்தம் பகற்பள்ளிகளில் ஸ்கிராட்ச் என்னும் நிரல்மொழியைப் பயில்கின்றனர். வண்ணக் கட்டைகளை இழுத்துப் பொருத்தினால் திரையில் பூனை நடக்கிறது. "இது விளையாட்டன்றோ? இதனை நிரலாக்கம் என்னலாமா?" எனப் பெற்றோர் சிலர் வினவுகின்றனர். என்னலாம் என்பதே நம் கருத்து.

எழுத்தெழுத்தாகத் தட்டச்சிடாமல், நிரலின் உறுப்புகளையே எடுத்துப் பொருத்தும் முறை புதியதன்று. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டைட்டெல்பாம், ரெப்ஸ் ஆகிய இருவர் ஆக்கிய இத்தகைய கருவி பற்றிய கட்டுரை 1981-இல் வெளிவந்தது. 'இவ்வாறாயின்' என்னும் கட்டளையை வேண்டினால், நிபந்தனைக்கும் செயலுக்கும் இடம்விட்டு வார்ப்பு முழுவதும் திரையில் வந்து நிற்கும். அடைப்புக்குறி விடுபட்டதே என்னும் தொல்லை இல்லை. 2007-இல் எம்.ஐ.டி. வெளியிட்ட ஸ்கிராட்சிலும் பொருந்தாத கட்டை குழியில் அமராது. தொடக்க மாணவனுக்கு இது பெருந்துணை. பிழைச்செய்தி கண்டு அஞ்சாமல் சிந்திக்கலாம்.

ஆயினும் இலக்கணம் பிழையாதிருத்தல் வேறு, பொருள் பிழையாதிருத்தல் வேறு. பூனை பத்தடி முன்னே செல்வதற்குப் பதிலாகப் பின்னே சென்றால் எந்தக் கட்டையும் தடுக்காது. மற்றொரு குறையும் உண்டு. தமிழ், கணிதம், அறிவியல் மதிப்பெண்களின் சராசரியைக் காண வேண்டுமென்று கொள்வோம். தாளில் இடமிருந்து வலமாக ஒரு நொடியில் எழுதிவிடுவோம். கட்டை முறையிலோ வகுத்தற் கட்டை, அதன் குழிக்குள் கூட்டற் கட்டை, அதற்குள் இன்னொரு கூட்டற் கட்டை என ஒவ்வொன்றாக நுழைத்தல் வேண்டும். கார்னெல் கருவியிலுங்கூட இத்தகைய கோவைகளை மாணவர் தட்டச்சிட்டனர். வார்ப்புகள் கட்டளைகளுக்கே பயன்பட்டன. அறிந்தே வைத்த எல்லை அது.

2014-இல் நடைமுறைக்கு வந்த இங்கிலாந்துப் பாடத்திட்டம், 11 முதல் 14 வயதினர் இரண்டு நிரல்மொழிகளேனும் கற்கவேண்டும், அவற்றுள் ஒன்றேனும் எழுத்துவழியாக அமையவேண்டும் என விதித்தது. அங்கேதான் இடர்ப்பாடு தோன்றுகிறது. பைத்தானில் ஒரு முக்காற்புள்ளி விடுபட்டதும், நேற்றுவரை களித்திருந்த பிள்ளை "எனக்கு இது வராது" என்று கணினியை மூடிவிடுகிறது. நம் வகுப்புகளிலும் இதனைக் காண்கிறோம். எழுத்தட்டைகளைப் பிழையின்றி அடுக்கும் சிறுவன், சொல்வதெழுதும்போது ணகர னகரங்களுக்கிடையே திகைத்து நிற்பான். அட்டையில் எழுத்து முன்னமே உள்ளது. தாளில் அதனை அவனே நினைந்து எழுதவேண்டும்.

ஆகவே, பெற்றோர்களே, கட்டைகளைப் பறித்துவிடாதீர்கள். பத்துக் கட்டையில் அமைந்த சிறு நிரலொன்றைப் பிள்ளை உங்களுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டட்டும். பின்னர் அதனையே பைத்தானில் தட்டச்சிடட்டும். பிழைச்செய்தி வந்தால் நீங்கள் திருத்தித் தராமல், அது சுட்டும் வரியைப் பிள்ளையோடு சேர்ந்து படியுங்கள்.